நுவரெலியாவுக்கு முப்பது பேர்

ஈஸ்ரருக்கு முந்தைய லெந்து காலத்தின் இரண்டாம் ஞாயிறு, ஆராதனை முடிந்து எல்லோரும் எழும்புகிற நேரத்தில் ஐரிஸ் ரீச்சர் அறிவித்தல் சொல்ல முன்னுக்கு வந்தார். வழக்கமாக மூன்று வசனத்தில் முடித்துவிடுவார். அன்றைக்கு நாலு சொன்னார். அந்த நாலாவது வசனம் என் நித்திரையை ஒரு மாதத்துக்குக் கெடுத்தது.

"ஈஸ்ரர் திங்கள் வழமைபோல எங்கடை நுவரெலியாப் பயணம். இண்டைவரைக்கும் பேர் தந்தது ஒன்பது பேர். குருத்தோலை ஞாயிறுக்கிடையில முப்பது பேர் சேராட்டி பயணத்தை இத்தோட நிப்பாட்டுறன். நிப்பாட்டினால் எனக்கு இஞ்சை இருந்து ஒரு வேலையும் இல்லை, மெல்பேணில இருக்கிற தங்கச்சி மார்கிரட்டிட்டைப் போறன்."

சொல்லும்போது நேரே என்னைத்தான் பார்த்தார். நான் கணக்கு வாத்தியார் ஆயிற்றே. முப்பதில் ஒன்பது போனால் இருபத்தொன்று என்று மனதுக்குள் கழித்துக்கொண்டிருந்தேன்.

நுவரெலியாவுக்கு ஒரு காலத்தில் எங்கள் ஊர் பண்டத்தரிப்பில் என்ன மரியாதை தெரியுமா! யுத்தம் முடிந்து பாதை திறந்த புதிதில், இருபது வருடம் கட்டிக்கிடந்த சனம் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டிபோலத் தெற்கே பாய்ந்தது. பாய்ந்து போய் நின்ற இடம் குளிர்மலை நுவரெலியா. முதல் வருடம் எங்கள் சபையிலிருந்து மட்டும் மூன்று பஸ். யன்னல் ஓர இருக்கை காரணமாக இரண்டு குடும்பம் ஒரு வருடம் கதைக்காமல் இருந்தது. வாவிக்கு முன்னால் சுவெற்றரோடு நின்று எடுத்த படம் தொங்காத வீட்டுக்கு மாப்பிள்ளை பகுதி வரவே யோசித்தது. ஸ்ரோபெரி ஜாம் போத்தலை ஒருவரும் திறக்கமாட்டார்கள், அது ஷோகேசில் இருக்கும். தின்று முடித்துவிட்டால் போய்வந்ததற்கு என்ன சாட்சி?

பிறகு கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். மூன்று பஸ் இரண்டாகி, இரண்டு ஒன்றானது. நடுவில் கொரோனாவும் பெட்ரோல் தட்டுப்பாடுமாய் நாடே ஓடாத சில வருடங்களில் பஸ்ஸும் ஓடவில்லை. திரும்பத் தொடங்கியபோது சனத்தின் ஆசை வேறெங்கோ போய்விட்டிருந்தது. ஐரிஸ் ரீச்சர் ஒருவர்தான் விடாமல் வருடாவருடம் பஸ் பிடித்துக்கொண்டிருந்தார்.

என்னைச் சொல்லவில்லையே. பெயர் எட்வேர்ட், வயது அறுபத்துமூன்று, ஊரில் எட்வேர்ட் மாஸ்டர். மனைவி மிரியம் காலமாகிப் பன்னிரண்டு வருடம். அவள் போன அடுத்த ஏப்ரலில், தனியே இருந்தால் எனக்கு விசர் பிடிக்கும் என்று பயந்து யாரோ என்னை அந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். திரும்பி வரும்போது எனக்கு வேறொரு விசர் பிடித்திருந்தது. அதற்குப் பெயர் ஐரிஸ். விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவர், கலியாணம் கட்டாதவர், கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு மலைமேட்டில் நின்று முழுச் சபையையும் மேய்க்கிறவர். அவர் விசில் ஊதினால் மற்றவர்கள் பஸ்ஸுக்கு ஓடுவார்கள். நான் மட்டும் பஸ் எந்தப் பக்கம் என்று மறந்து நிற்பேன்.

பயணத்தில் எனக்கும் ஒரு பதவி தந்திருந்தார். தேசிக்காய்ப் பொறுப்பாளர். மலைப்பாதை வளைவுகளில் தலை சுற்றுகிறவர்களுக்கு முகர்ந்து பார்க்க ஒரு தேசிக்காய், அதற்கும் அடங்காதவர்களுக்கு ஒரு பொலித்தீன் பை. இந்தப் பதவியோடு ரீச்சருக்குப் பின் இருக்கையும் சேர்ந்து வரும். எட்டுப் பயணம் போனேன், எட்டு முறையும் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று போனேன். ஒருமுறை வாவிக்கரையில் வாயைத் திறந்தேன், சவாரிக் குதிரை ஒன்று என் தொப்பியைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. இன்னொருமுறை ரோசாப் பாத்தியருகே, வாயைத் துடைத்துக்கொண்டு, "ரீச்சர்..." என்றேன். "பை வேணுமோ மாஸ்டர்?" என்று கேட்டார்.

ஊரிலேயே சொல்லலாமே என்பீர்கள். எங்கள் பக்கத்தில் கலியாணம் கேட்பது என்றால் நேரே கேட்கிற வழக்கம் இல்லை. நடுவில் ஒரு ஆள் போகவேண்டும். சின்னம்மாவோ மாமாவோ போதகரோ போய், மழையில் தொடங்கி, மாங்காய் விலையைத் தொட்டு, மூன்றாவது தேத்தண்ணிக்குத்தான் விஷயத்துக்கு வருவார்கள். மறுமொழியும் அதே வழியால்தான் திரும்பி வரும். அறுபத்துமூன்று வயதுக்காரனுக்காக யார் போவது? என் சின்னம்மாமார் எல்லோரும் சேமக்காலையில் படுத்திருக்கிறார்கள். அவர்களை எழுப்பவா முடியும்!

ஆகவே எனக்கிருந்தது ஒரே வழி. முப்பது பேரைச் சேர்ப்பது. சேர்ந்தால் ரீச்சர் போகமாட்டார். அடுத்த நாள் காலையிலேயே மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

முதல் வீடு அருட்பிரகாசத்தாருடையது. சபையில் பணம் பிரிப்பது, பந்தல் போடுவது எல்லாவற்றிலும் முன்னுக்கு நிற்கிற மனிதர். கதவைத் திறந்தவுடன் உள்ளேயிருந்து குளிர் வந்து முகத்தில் அடித்தது.

"ஏசி பூட்டியாச்சு மாஸ்டர்," என்றார் மார்பைத் தூக்கி. "பதினெட்டில விட்டால் இஞ்சையே நுவரெலியா. பிறகேன் பன்னிரண்டு மணித்தியாலம் முதுகு நோக இருந்து போவான்?"

அடுத்தது எமில்ராஜ் வீடு. "எங்கடை பிள்ளையள் எல்ல எண்ட இடத்துக்குப் போகினமாம். அங்கை ரயில் பாலத்தில ஏறி நிண்டு படம் எடுக்கிறதுதானாம் இப்ப ஸ்டைல். நுவரெலியா கிழடுகளின்ரை இடமாம்," என்றார். சொல்லிவிட்டு என் தலைமயிரைப் பார்த்து, "உங்களைச் சொல்லேல்லை," என்றும் சேர்த்துக்கொண்டார். மூன்றாவது வீட்டில் துபாய் என்றார்கள். நாலாவது வீட்டில், போன முறை போய்க் கார்களின் பின்பக்கத்தைத்தான் நாலு மணித்தியாலம் பார்த்தோம் என்றார்கள். நான் விடவில்லை. பனி என்றேன், பூ என்றேன், தேவனுடைய கைவேலை என்றேன். எனக்குக் குளிர் பட்டால் இழுப்பு வருவதை மட்டும் சொல்லவில்லை. மூன்று கிழமை ஓடியதில் ஒன்பது பன்னிரண்டானது, அவ்வளவுதான். பெட்ரோல் எரிந்த அளவுக்கு நான் நடந்தே நுவரெலியா போயிருக்கலாம்.

அன்றைக்குச் சோர்ந்துபோய்ச் சண்டிலிப்பாய் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் சண்முகநாதன் கடைசிக் கரட்டைக் கிளறிக்கொண்டிருந்தார். என்னிடம் கணக்குப் படித்த சிவகரனின் தகப்பன். கரட்டைக் கிளறுகிறார் என்று பார்த்தால், கிளறி எடுத்து மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன சண்முகநாதன், மாட்டுக்கோ?"

"வேறையென்ன செய்ய மாஸ்டர்? மருதனார்மடம் சந்தையில மலைநாட்டுக் கரட் வந்து விழுந்திட்டால் எங்கடையை ஆர் பாக்கினம்? அது நீட்டாம், நிறமாம். எங்கடை கரட்டுக்கு முகவெட்டுக் காணாதாம்." மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீங்கள் எங்கை இந்த வெயிலுக்குள்ள?"

"நுவரெலியாவுக்கு ஆள் சேர்க்கிறன்," என்றேன். அவ்வளவு மனம் விட்டுப்போன குரலில் அந்த ஊரின் பெயரை அதற்கு முன் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

அவருடைய கண் விரிந்தது. "அந்தக் கரட் வாற இடமோ?"

"ஓம், அங்கைதான்."

"உள்ளுக்குப் போய்ப் பாக்கலாமோ? என்ன பசளை போடுறாங்கள், எப்பிடித் தண்ணி விடுறாங்கள் எண்டு?"

"தாராளமாய்ப் பாக்கலாம்." யார் தோட்டத்துக்குள் யாரை விடுவார்கள் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த நிமிடத்தில் கவர்னர் மாளிகையைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்டிருந்தாலும் ஓம் என்றிருப்பேன். "லீக்ஸும் பாக்கலாம். கோவாப் பாத்தியும் பாக்கலாம்."

"அப்ப நான் வாறன். மனுசி குணலட்சுமியும் வருவா. எங்கடை கமக்காரரிட்டையும் ஒருக்காச் சொல்லிப் பாக்கிறன். எதிரியின்ரை கோட்டையைப் பாக்க ஆருக்கு ஆசை இல்லை?"

மூன்றாம் நாள் தொலைபேசி வந்தது. சண்டிலிப்பாயிலிருந்து இருபது பேர்! நான் வீட்டுக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றி ஆடினேன். அறுபத்துமூன்று வயதில் தனியே ஆடுவதில் ஒரு வசதி, பார்க்க ஆளில்லை.

குருத்தோலை ஞாயிறு, ஓலையை ஒரு கையிலும் பட்டியலை மறு கையிலும் பிடித்துக்கொண்டு ஐரிஸ் ரீச்சரிடம் போனேன். "முப்பத்திரண்டு பேர், ரீச்சர். உங்களோட முப்பத்துமூண்டு. பஸ்ஸில சீற்றும் முப்பத்துமூண்டு," என்றேன். என் வாழ்க்கையில் ஒரு கணக்கு அவ்வளவு அழகாக மீதியில்லாமல் வகுபட்டதில்லை.

அவர் பட்டியலை மேலிருந்து கீழே வாசித்தார். முகத்தில் சிரிப்பைக் காணோம்.

"சண்டிலிப்பாயோ?"

"ஓம். கரட் பாக்க வருகினம்."

"கரட் பாக்க."

"லீக்ஸும்," என்றேன்.

பட்டியலைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். பிறகு, "வேறை ஒண்டும் சொல்ல இல்லையோ மாஸ்டர்?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். "தேசிக்காய் நான் பாத்துக்கொள்ளுறன்," என்றேன்.

ரீச்சர் கையிலிருந்த குருத்தோலையை நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு விறுவிறென்று நடந்துபோனார். வெயிலில் தலையிடியாக்கும் என்று நினைத்தேன். இப்போது எழுதும்போது என் தலையில் நானே குட்டிக்கொள்ளவேண்டும்போல இருக்கிறது.

ஈஸ்ரர் திங்கள் விடிய ஐந்து மணி, பண்டத்தரிப்புச் சந்தி. எங்கள் சனத்திடம் வேறு எதற்குப் பஞ்சமிருந்தாலும் குளிர் உடுப்புக்குப் பஞ்சமில்லை. கனடாச் சொந்தக்காரர் வந்துபோகும்போது பெட்டிப் பாரம் குறைக்க விட்டுப்போகிற ஜக்கெற் வீட்டுக்கு இரண்டாவது இருக்கும். உறைபனிக்கென்று தைத்தவை, எந்தப் பைக்குள்ளும் அடங்காது. அதனால் எல்லோரும் போட்டுக்கொண்டே வந்துவிடுவார்கள். சித்திரை வெக்கையில், தொப்பிவைத்த தடித்த ஜக்கெற்றுக்குள் முப்பது பேர் வியர்த்து வழிந்துகொண்டு நின்றார்கள். சண்முகநாதன் வேட்டிக்கு மேலே மருமகனின் சிவப்பு ஜக்கெற்றைப் போட்டுக் கழுத்துவரை இழுத்துப் பூட்டியிருந்தார். பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கியே பார்த்தார்.

மாதர் சங்கத்து ரஞ்சினி ஜெபம் தொடங்கினாள். சபையார் கண்ணை மூடினோம். கண் திறந்தபோது பஸ்ஸுக்கு முன்னால் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது, நாலு சில்லுக்குக் கீழும் நாலு தேசிக்காய் இருந்தன. குணலட்சுமி என் பையிலிருந்துதான் எடுத்திருக்கிறாள். "ஆமென்" என்று நாங்கள் சொல்ல, "அரோகரா" என்று அவர்கள் சொல்ல, இரண்டும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ரஞ்சினி மீன் கட்லெட் பெட்டியை மட்டும் சைவக்காரர் கண்ணில் படாமல் கடைசி இருக்கைக்குக் கீழே தள்ளினாள்.

எல்லோரும் ஏறினார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போதுதானே தாழி உடையும்! ஓட்டோ ஒன்று வந்து நின்றது. கறுப்பு ஜக்கெற்றோடு ஒரு மனிதர் இறங்கிச் சிரித்துக்கொண்டே பஸ்ஸில் ஏறினார்.

"என்ரை சகலன், கோபிசங்கர்," என்றார் சண்முகநாதன். "ராத்திரித்தான் வாறன் எண்டு சொன்னவர்."

"சீற் இல்லையே!" என்றேன்.

"சகலனை விட்டிட்டு நான் எப்பிடி மாஸ்டர் போறது?"

குணலட்சுமி எழும்பியே விட்டாள். "என்ரை தங்கச்சி பிறகு வாழ்நாளுக்கும் என்னோட கதையாள். அவர் வராட்டி நாங்களும் இறங்கிறம்." அவள் எழும்ப, அவளுக்குப் பின்னால் சண்டிலிப்பாய் முழுவதும் ஜக்கெற் சரசரக்க எழும்பியது.

நான் மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். இருபது பேர் இறங்கினால் மிச்சம் பதின்மூன்று. பயணம் போச்சு, ரீச்சர் மெல்பேணுக்குப் போய்விடுவார். ஒரு ஆள் இறங்கினால் கணக்குச் சரி. பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

ரீச்சர் மிதிபலகையில் நின்றபடி கீழே என்னைப் பார்த்தார். "நீங்கள் ஏன் இறங்கிறீங்கள்?"

"நீங்கள் முப்பது கேட்டீங்கள் ரீச்சர். முப்பதுக்குக் குறையக் கூடாது."

அவர் முகம் சிவந்தது. கோபம் என்பது எனக்கே விளங்கிவிட்டது. "கணக்கு நல்லாச் செய்வீங்கள் மாஸ்டர். நான் திரும்பி வந்த கையோட மார்கிரட்டைப் பயணச்சீட்டு எடுக்கச் சொல்லப்போறன்."

"ஏன்? ஆக்கள்தான் நிறைஞ்சிட்டினமே!"

"ஓம், நிறைஞ்சிட்டினம்," என்று விசிலை ஊதினார். பஸ் நகர்ந்தது.

சந்தியில் தனியே நின்றேன். வினாவை இரண்டு தரம் வாசி, பிறகு விடை எழுது என்று முப்பத்துநாலு வருடம் பிள்ளைகளின் காதைத் திருகியவன் நான். மெல்பேணுக்குப் போகிறேன் என்று ஒரு பெண் சபை நடுவே என் முகத்தைப் பார்த்துச் சொன்னால், அதற்கு விடை சண்டிலிப்பாய்க் கமக்காரரா, மடையா! எனக்குச் சின்னம்மா இல்லாததுபோல அவருக்கும் இல்லை. அந்த அறிவித்தலைத்தான் அவர் தன் சின்னம்மாவாக அனுப்பியிருக்கிறார். நான் அதற்குத் தேத்தண்ணி கொடுக்காமல் ஆள் எண்ணியிருக்கிறேன்.

ஓடினேன். கனடா ஜக்கெற்றோடு, பையில் தேசிக்காய் குலுங்க, வீதி நடுவால் ஓடினேன். "ரீச்சர்! ரீச்சர்! மெல்பேணுக்குப் போகாதேங்கோ!"

பஸ் நின்றது. சண்முகநாதன் யன்னலால் தலையை நீட்டினார். "என்ன மாஸ்டர், சாமான் ஏதும் விட்டிட்டீங்களோ?"

எனக்கு மூச்சு வாங்கியது. நடுவில் போக ஆளும் இல்லை, மழையில் தொடங்கி மாங்காய்க்கு வர நேரமும் இல்லை. "ஐரிஸ்!" என்றேன். அந்தப் பெயரைத் தனியாக அன்றுதான் வாயால் சொன்னேன். "என்னைக் கலியாணம் முடிப்பீங்களோ?"

பஸ்ஸின் யன்னல்களெல்லாம் தலைகளாயின. பிறகு கோபிசங்கரின் குரல் கேட்டது. "பின்னுக்கு இருக்கிறவைக்குக் கேக்கேல்லை. இன்னொருக்காச் சொல்லுங்கோ."

இன்னொருமுறை சொன்னேன். இந்த முறை சங்கானைக்கும் கேட்டிருக்கும். கேட்டால் கேட்கட்டும்!

ஐரிஸ் ரீச்சர் இறங்கி வந்தார். பட்டியலையும் விசிலையும் யன்னலால் ரஞ்சினியிடம் கொடுத்தார். "இனி நீர் பாரும். அவைக்குக் கரட்டை வடிவாய்க் காட்டும்."

"மறுமொழியைச் சொல்லிப்போட்டுப் போங்கோ ரீச்சர்!" என்று கத்தினாள் குணலட்சுமி. "இல்லாட்டி வழி முழுக்க எங்களுக்கு இருப்புக்கொள்ளாது."

ரீச்சர் என்னைப் பார்க்கவில்லை. ரஞ்சினியைப் பார்த்தே, "மாஸ்டருக்கு ஓம் எண்டு சொல்லும்," என்றார்.

"மாஸ்டர், ஓமாம்!" என்று ரஞ்சினி இரண்டடி தூரத்தில் நின்ற எனக்குக் கத்திச் சொன்னாள். சபையார் கை தட்ட, சண்டிலிப்பாயார் அரோகரா சொல்ல, பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே கிளம்பிச் சந்தி திரும்பி மறைந்தது.

பிறகு எங்கள் இருவரைத் தவிர வீதியில் யாருமில்லை. சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, இரண்டும் கொஞ்சம் வந்தது.

"அப்ப ஏன் முப்பது எண்டு சொன்னீங்கள்?"

"முப்பது ஒருநாளும் சேராது எண்டு நினைச்சன். சேராட்டி என்ன செய்வீங்கள் எண்டு பாக்கத்தான். நீங்கள் ஒரு ஊரையே கொண்டுவந்து ஏத்திறீங்கள்!"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதோடு ஒரு கவலையும். "ஆனால் உங்களுக்கு அவ்வளவு விருப்பமான இடமெல்லோ. என்னாலை இந்த வருசம் போகேலாமல் போச்சு."

"ஆருக்கு விருப்பம்?" என்று நின்று என்னைப் பார்த்தார். "எனக்கு அந்தக் குளிர் ஒருநாளும் ஒத்துவந்ததில்லை, எட்வேர்ட். ரெண்டு காதும் திரும்பி வருமட்டும் இடிக்கும். மூண்டாம் வருசத்தோட விடுவம் எண்டுதான் இருந்தனான். நாலாம் வருசம் நீங்கள் வந்து ஏறினீங்கள்."